அனுஷன் விளையாடாத வருடம்

வந்திருந்த மனிதர் எதையும் எழுதிக்கொள்ளவில்லை. யோகேஸ்வரனுக்கு முதலில் உறுத்தியது அதுதான்.

கொலின் என்று பெயர் சொன்னார். அறுபது வயதிருக்கும். வெயில் தின்ற முகம், பெரிய கைகள். சிட்னியில், வென்ட்வேர்த்வில்லில் யோகேஸ்வரனின் வீட்டு முன்னறையில், மனைவி இராஜேஸ்வரி காட்டிய கதிரையில் உட்கார்ந்து, அவள் கொடுத்த தேத்தண்ணீரை மிச்சம் விடாமல் குடித்தார். அமெரிக்க பேஸ்போல் கிளப் ஒன்றுக்காக ஆட்களைத் தேடி, பார்த்து, விசாரித்துச் சொல்லும் ஸ்கௌட் அவர். மகனைப் பற்றிக் கொஞ்சம் பேசவேண்டும் என்று நேரம் கேட்டுத்தான் வந்திருந்தார்.

மகன் அனுஷன் அப்போது டெக்சாஸில் இருந்தான். இருபத்தொரு வயது, இடக்கையால் பந்து வீசுபவன். குளிர்காலத்தில் கிரிக்கெட் இல்லையே, பிள்ளை சும்மா நிற்காமல் விளையாடட்டும் என்று பள்ளிக்கூடத்தில் பேஸ்போலில் சேர்த்துவிட்டார்கள். கோடை திரும்பியது, அவன் கிரிக்கெட்டுக்குத் திரும்பவில்லை. பிறகு அமெரிக்கக் கல்லூரி ஒன்று உதவிப்பணம் கொடுத்து அழைத்துக்கொண்டது. மூன்று வருடத்தில் அவனுடைய பந்தைப் பற்றி அங்கே தொலைக்காட்சியில் பேசுமளவுக்கு வளர்ந்துவிட்டான்.

ஒவ்வொரு ஜூலையிலும் அங்கே டிராஃப்ட் நடக்கும். பெரிய கிளப்புகள் முறைவைத்து, ஒன்றன்பின் ஒன்றாக, தங்களுக்கு வேண்டிய புது ஆட்களின் பெயரை அறிவிக்கும். ஏலம் இல்லை; ஒரு கிளப் பெயரைச் சொல்லிவிட்டால் மற்றக் கிளப்புகள் அவனைத் தொட முடியாது. முதல் பத்துக்குள் பெயர் விழுந்தால் அந்தப் பிள்ளையின் வாழ்க்கையே வேறு. அனுஷன் அந்தப் பத்துக்குள் வருவான் என்று பேச்சு இருந்தது. கொலினுடைய கிளப்பின் முறை ஏழாவதாக வரும்.

"கோபம் வந்தால் அனுஷன் என்ன செய்வான்?" என்று கொலின் கேட்டார்.

"அவனுக்குக் கோபம் வராது," என்றார் யோகேஸ்வரன் ஆங்கிலத்தில்.

"தோற்றுப்போய் வீட்டுக்கு வருகிற நாளில்?"

"சாப்பிடுவான். படுப்பான்."

கொலின் சிரித்தார். "நீங்கள் இந்த நாட்டுக்கு எப்படி வந்தீர்கள்?"

"விமானத்தில்."

யோகேஸ்வரன் இளந்தாரியாகக் கொழும்பில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்த காலத்தில் பொலிஸ், ஆமி என்று எத்தனையோ பேர் வந்து அவரை விசாரித்திருக்கிறார்கள். கொப்பி பேனையோடு வந்தவர்கள் பக்கத்தை நிரப்பிவிட்டுப் போய்விடுவார்கள். ஒருநாள் ஒருவன் வெறுங்கையோடு வந்தான். அம்மாவுக்குச் சுகமா, சாப்பாடு சரிவருகிறதா என்று சிரித்துச் சிரித்துக் கேட்டான். அன்று பின்னேரம் பக்கத்து அறைப் பொடியனைக் கொண்டுபோனார்கள். அதற்குப் பிறகு பேனை இல்லாமல் கேள்வி கேட்கும் எவரையும் யோகேஸ்வரன் நம்பியதில்லை. சிட்னியில் இருபத்தைந்து வருடம் பஸ் ஓட்டியும் அந்தப் பழக்கம் விடவில்லை.

"அவனுக்குப் பதினாறு வயதில் ஒரு பருவம் முழுவதும் அவன் பெயரே எங்கேயும் இல்லை," என்றார் கொலின். குரலில் மாற்றமில்லை. "ஏன் விளையாடவில்லை?"

இராஜேஸ்வரி எழுந்து கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குள் போனாள். கொலினின் கண்கள் அவள் பின்னாலேயே போய்த் திரும்பி வந்தன.

"படிப்பு," என்றார் யோகேஸ்வரன்.

கொலின் வெளியே போனபிறகு யோகேஸ்வரன் யன்னல் திரையை விலக்கிப் பார்த்துக்கொண்டு நின்றார். கொலின் காரை உடனே எடுக்கவில்லை. அவர் மறந்துவிட்டுப் போன குடையை இராஜேஸ்வரி கொண்டுபோய்க் கொடுத்தாள். இரண்டு பேரும் ஏதோ பேசினார்கள். அவள் தலையாட்டினாள்.

"என்ன கேட்டவர்?"

"குடைக்குத் தாங்ஸ் சொன்னவர்."

"அதுக்கு இவ்வளவு நேரமோ?"

"இஞ்சாருங்கோ, அந்த மனுசன் தன்ர வேலையைச் செய்யுது. நீங்கள்தான் கள்ளனைப் பாக்கிற மாதிரிப் பாத்துக்கொண்டிருந்தனீங்கள்."

"பேஸ்போலுக்கு ஆள் எடுக்கிறவனுக்கு நான் எப்பிடி வந்தனெண்டு என்னத்துக்கு?"

அவள் கோப்பைகளைக் கழுவப் போனாள். அதையும் அவர் மனத்தில் குறித்துக்கொண்டார்.

இரண்டு மூன்று நாள் கழித்து, பரமட்டாவிலிருந்து பஸ்ஸைக் கொண்டுவந்தபோது, ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் சிவப்பு விளக்கு விழுந்தது. அந்தப் பக்கம் வரதராஜாவின் சாப்பாட்டுக் கடை. கண்ணாடிக்கு உள்ளே கொலின் உட்கார்ந்து கொத்துரொட்டி சாப்பிட்டுக்கொண்டிருந்தார். எதிரே வரதராஜா கையை ஆட்டி ஆட்டி ஏதோ சொல்லிக்கொண்டிருந்தார். விளக்கு பச்சையானதை யோகேஸ்வரன் கவனிக்கவில்லை. பின்னால் ஹோர்ன் அடித்தார்கள்.

வேலை முடிந்ததும் நேரே கடைக்குப் போனார்.

"வரதண்ணை, அந்த வெள்ளைக்காரன் என்ன கேட்டவன்?"

"எல்லாம் உம்மைப் பற்றித்தான். குடிப்பீரோ, விளையாட்டுத் தோத்தா பிள்ளைக்கு ஏசுவீரோ எண்டெல்லாம் கேட்டவர். நான் தங்கமான மனுசன் எண்டு சொன்னனான்." வரதராஜா மேசையைத் துடைத்தபடி குரலைத் தணித்தார். "பிறகு அந்த ஒரு வருஷத்தைப் பற்றிக் கேட்டவர். பொடியன் ஏன் நிண்டவன், கையில ஏதும் ஒப்பரேஷனோ எண்டு."

"நீங்கள் என்ன சொன்னனீங்கள்?"

"எனக்கென்ன தெரியும்? நீர் அந்த வருஷம் காணி அலுவலா ஊருக்குப் போய் நிண்டனீர்தானே. வீட்டில ஆம்பிளை இல்லாததால பொடியன் நிண்டிருப்பான் எண்டு சொன்னனான்."

யோகேஸ்வரன் தலையாட்டிவிட்டு வெளியே வந்தார்.

அந்த வருடம் அவர் ஊருக்குப் போகவில்லை. ஒருநாள் பஸ்ஸைப் பாதி வழியில் நிறுத்தி, ஆட்களை இறக்கிவிட்டு, ஓட்டுநர் இருக்கையிலேயே அசையாமல் இருந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவில் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு விட்டபிறகும் மாதக்கணக்காக அறையை விட்டு வெளியே வரவில்லை. அவரைத் தனியே விடக்கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். இராஜேஸ்வரி முதியோர் இல்லத்தில் பின்னேரமும் இரவும் இரட்டை வேலை செய்தாள். பள்ளிக்கூடம் முடிந்ததும் ஓடிவந்து அப்பாவோடு இருந்தது அனுஷன். ஊருக்குப் போயிருக்கிறார் என்று எல்லோருக்கும் சொல்லியாயிற்று. ஆஸ்பத்திரிக் கட்டிலில் மகனின் கையைப் பிடித்து, ஒருத்தரிட்டையும் சொல்லாதை என்று கேட்டது யோகேஸ்வரன்தான்.

அன்றிரவு சாப்பிடும்போது மனைவியை நேராகக் கேட்டார்.

"குடை குடுக்கேக்க அவனுக்குச் சொன்னனியோ?"

"இல்லை." அவள் நிமிர்ந்து பார்த்தாள். "சொல்லியிருந்தா நல்லாயிருந்திருக்கும்."

அடுத்த நாள் அனுஷனை வீடியோவில் அழைத்தார். மகன் மைதானத்திலிருந்து வந்த களைப்பில் இருந்தான்.

"தம்பி, அந்தக் கொலின் எங்களைப் பின்தொடருறான். ஒண்டிலையும் கையெழுத்து வைக்காதை."

"அப்பா, ரிலாக்ஸ். எல்லாக் கிளப்பும் இப்பிடித்தான் விசாரிக்கும். அவைக்கு என்ர முழங்கையில நம்பிக்கை இல்லை. அந்த வருஷம் ரகசியமா ஒப்பரேஷன் செய்து மறைச்சிட்டம் எண்டு நினைக்கினம்."

"ஸ்கேன் குடுக்கேல்லையோ?"

"குடுத்தாச்சு. அதில ஒண்டும் இல்லை. ஆனா காரணம் சொல்லாமல் ஒரு சீசன் காணாமல் போனா ஆர் நம்புவினம்?"

"நீ என்ன காரணம் சொன்னனீ?"

அனுஷன் காதைச் சொறிந்தான். "போரிங்கா இருந்தது, விட்டுட்டன் எண்டு சொன்னனான்."

பேஸ்போல் தெரியாத யோகேஸ்வரனுக்கே அது எவ்வளவு கெட்ட பதில் என்று விளங்கியது. அலுத்துப்போனால் விட்டுவிட்டுப் போகிறவனை எந்தக் கிளப் முதல் பத்தில் எடுக்கும்?

"பரவாயில்லை அப்பா," என்றான் மகன். "கொஞ்சம் பின்னுக்குப் போவன். அவ்வளவுதான்."

ஐந்து வருடமாக அந்தப் பிள்ளை வாயைத் திறக்கவில்லை. யாரும் கேட்காதபோது காப்பது பெரிதல்ல. இப்போது கேட்கிறார்கள், கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள், அப்போதும் தன் பெயரைக் கெடுத்துக்கொண்டு காக்கிறான். யோகேஸ்வரன் கொலினின் இலக்கத்தைத் தேடி எடுத்தார். இது கொலின் விரித்த வலையாகவும் இருக்கலாம் என்று தோன்றியது. இருந்தும் அழைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை காலை பிளாக்டவுன் மைதானத்தில் சின்னப் பிள்ளைகளின் போட்டி நடந்தது. கொலின் வலைக்குப் பின்னால் பலகை இருக்கையில் தனியே இருந்தார்.

"முதலில் போனை நிறுத்தி வையுங்கள்," என்றார் யோகேஸ்வரன்.

கொலின் ஒன்றும் கேட்காமல் நிறுத்தி, இருவருக்கும் நடுவில் பலகையில் வைத்தார். அது உண்மையாகவே நின்றுவிட்டதா என்று யோகேஸ்வரன் ஒருமுறை தொட்டுப் பார்த்தார். பிறகு சொன்னார். பஸ்ஸை, ஆஸ்பத்திரியை, இருட்டறையை, எல்லாவற்றையும் தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லி முடித்தார். வீட்டாருக்கும் டொக்டருக்கும் பிறகு முழுக்கதையையும் கேட்ட முதல் ஆள் இந்த அந்நியன்தான்.

கொலின் அவர் பக்கம் திரும்பினார். "அந்த வருடம் அவன் பந்தே எறியவில்லையா?"

"எறிந்தான். வீட்டுப் பின்சுவரில். ஒவ்வொரு பின்னேரமும். நான் படுத்திருந்து கேட்பேன். சத்தம் நின்றால், எங்கே போய்விட்டான் என்று எழும்பிப் பார்ப்பேன். அந்த நாட்களில் நான் எழும்பியது அதற்காக மட்டும்தான்."

"இதை நான் எங்கள் கிளப்புக்குச் சொல்ல வேண்டிவரும். உங்களுக்குச் சம்மதமா?"

யோகேஸ்வரன் அவருடைய முகத்தில் தேடினார். வெயில் சுருக்கங்களைத் தவிர ஒன்றும் பிடிபடவில்லை. "சொல்லுங்கள்," என்றார். காருக்குப் போய்ச் சேருமுன்பே ஏன் சொன்னோம் என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

டிராஃப்ட் அங்கே ஞாயிறு பின்னேரம். சிட்னியில் திங்கள் காலை. இராஜேஸ்வரி லீவு போட்டிருந்தாள். தொலைக்காட்சியின் முன்னால் இருவரும் உட்கார்ந்தார்கள். ஒவ்வொரு பெயராக விழுந்தது. ஆறாவது பெயரும் போயிற்று. ஏழாவதுக்குக் கொலினின் கிளப் நேரம் எடுத்தது. மேடையில் ஒருவர் வந்து கடதாசித் துண்டைப் பார்த்து வாசித்தார். புளோரிடாப் பொடியன் ஒருவனின் பெயர்.

யோகேஸ்வரன் எழும்பிவிட்டார். "பாத்தியே! வாயைப் பிடுங்கிப்போட்டு விட்டுட்டான். தகப்பனுக்கு விசர் எண்டால் பிள்ளைக்கும் வரும் எண்டு நினைச்சிருப்பினம். நானே போய்க் கெடுத்துப்போட்டன், ராஜி."

"இருங்கோப்பா."

அவர் இருக்கவில்லை. எட்டு, ஒன்பது, பத்து. ஒவ்வொரு பெயருக்கும் கொலினைத் திட்டியபடி அறையில் நடந்தார். பதினோராவது முறை வேறொரு கிளப்புக்கு. அவர்களுடைய ஆள் எவரும் இந்த வீட்டுப் பக்கம் வந்ததேயில்லை. மேடையில் நின்றவர் துண்டை விரித்து, இரண்டு தரம் தடுமாறி, ஒரு பெயரைச் சொன்னார். உச்சரிப்பில் அது என்னவோ போலிருந்தது. திரையில் அனுஷனின் முகம் வந்தபிறகுதான் விளங்கியது. இராஜேஸ்வரி வாயைப் பொத்திக்கொண்டாள்.

யோகேஸ்வரனுக்குச் சந்தோஷத்துக்கு முன்னால் சந்தேகம்தான் வந்தது. இவர்கள் யார்? கொலினின் கிளப்புக்குத் தெரிந்த கதை இவர்களுக்குத் தெரியாமல் எடுத்தார்களா? தெரிந்தால் நாளைக்கே வேண்டாமென்று விடுவார்களா?

கொஞ்ச நேரத்தில் அனுஷன் அழைத்தான். பின்னால் ஒரே கூச்சல். அவன் ஒதுக்குப்புறமாக வந்து நின்றான்.

"அப்பா, கொலின் எனக்கு கோல் பண்ணினவர். போன கிழமை."

"என்னவாம்?"

"நீங்கள் வந்து எல்லாத்தையும் சொன்னதெண்டு. 'உன் அப்பா தானே வந்து சொன்னார், இனி நீ ஒளிக்கத் தேவையில்லை' எண்டு சொன்னவர். தன்ர கிளப் என்னை எடுக்கவேணும் எண்டு எவ்வளவோ வாதாடினவராம். மேல இருக்கிறவை கேக்கேல்லை. நேற்று இந்தக் கிளப் என்னட்டை அந்த வருஷத்தைப் பற்றிக் கேட்டவை. நான் உண்மையைச் சொல்லிப்போட்டன். பிழையோ அப்பா?"

கொலின் வாயைத் திறந்துதான் இருக்கிறார். ஆனால் மகனிடம் திறந்திருக்கிறார்; அதனால் பயன் அடைந்தது அவருடைய கிளப் அல்ல, வேறொரு கிளப்.

"கேட்டுப்போட்டு என்ன சொன்னவை?"

"ஒண்டும் சொல்லேல்லை. அடுத்த கேள்விக்குப் போட்டினம்."

அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். ஐந்து வருடம் ஊர் முழுக்கப் பொய் சொல்லிக் காத்த விஷயம் அவர்களுக்கு ஒரு பதில், அவ்வளவுதான். அவருக்குச் சிரிப்பு வந்ததா அழுகை வந்ததா என்று பக்கத்தில் நின்ற இராஜேஸ்வரிக்கே சொல்ல முடியவில்லை.

"பிழையில்லை, தம்பி," என்றார். "நீ சொன்னது நல்லது." பிறகு மூக்கைத் துடைத்துக்கொண்டு, "சரி, ஆர் இவை? எப்பிடியான ஆக்கள்? கொன்ட்ராக்டை முதல் எனக்கு அனுப்பு, நான் வாசிக்காமல் கையெழுத்து வைக்காதை," என்றார்.

அங்கே அனுஷன் வாய்விட்டுச் சிரித்தான். இராஜேஸ்வரி அவருடைய கையிலிருந்து போனைப் பறித்து, மகனோடு பேச முன்னறைக்குப் போனாள்.