டெரிக் ஹாப்வுட் தவறவிட்ட தப்பு

பேஸ் கிதாரைத் தோளில் மாட்டிக்கொண்டு, இங்கிலாந்தின் வுல்வர்ஹாம்டன் ஊரில் தொழிலாளர் சங்க விடுதியின் மாடிப்படி ஏறியபோது, தன்னை வேண்டாம் என்று சொல்லிவிடுவார்கள் என டெரிக் ஹாப்வுட் கனவிலும் நினைக்கவில்லை. அதற்கு நியாயம் இருந்தது. 'பித்தளைக் கொக்குகள்' என்ற ராக் குழுவை எழுபதுகளில் இதே ஊரில் தொடங்கிய நால்வரில் அவர் ஒருவர். பாடகரும் கிதார்காரரும் ஒரு சாசேஜ் ரோலுக்காக வேனுக்குள் கட்டிப் புரண்டு குழு உடைந்தது. அதன்பின் அவர் மேடை ஏறவே இல்லை. இப்போது அந்தக் கொக்குகளைப் போலவே உடுத்தி, அவர்கள் பாட்டையே வாசித்துப் பிழைக்கும் 'ஏறக்குறையக் கொக்குகள்' குழுவுக்கு ஒரு பேஸ்காரர் தேவைப்பட்டார். கண்ணை மூடுவதற்குள் இன்னொரு தடவை மேடை. டெரிக்குக்கு அவ்வளவுதான் ஆசை.

குழுத் தலைவர் நைஜல் ஸ்ட்ரட் அவரைப் பார்த்ததுமே கண் கலங்கினார். இசைத்தட்டு உறையில் கையெழுத்து வாங்கிக்கொண்டார். பிறகு, 'நிலக்கரிப் படகு' பாட்டை வாசிக்கச் சொன்னார். டெரிக் பிசிறில்லாமல் வாசித்து முடித்தார்.

நைஜல் தொண்டையைச் செருமினார்.

"தப்பா நினைச்சுக்காதீங்க டெரிக். ரெண்டாவது சரணத்துல நீங்க சரியா வாசிச்சுட்டீங்க."

"சரியா வாசிக்கிறது ஒரு குத்தமாப்பா?"

"ரெக்கார்டுல அங்க ஒரு சுரம் தப்பா விழும். ஜனங்க அதைக் கேக்கத்தான் வர்றாங்க. என் கல்யாணத்துல மோதிரம் மாத்தறப்ப அந்த இடத்தைத்தான் போட்டோம்."

"அடப்பாவி, அது நான் பண்ண தப்பு! நான்தான்யா டெரிக் ஹாப்வுட்!"

"அதுல யாருக்குச் சந்தேகம்?" என்றார் டிரம் அடிக்கும் கெல்வின். "ஆனா டெரிக் ஹாப்வுட் மாதிரி வாசிக்கலையே. போன வாரம் வந்த பிளம்பர் அச்சு அசலா வாசிச்சார்."

டெரிக் வேண்டுமென்றே தப்பாக வாசித்துப் பார்த்தார். விதவிதமாகத் தப்பு வந்தது. அந்தத் தப்பு மட்டும் வரவில்லை. கிதாரை உறையில் போட ஆரம்பித்தார்.

அப்போதுதான் கீழே சமையலறையில் காத்திருந்த அவர் மனைவி பெரில், தேநீர்த் தட்டோடு மேலே வந்தாள். விஷயத்தைக் கேட்டதும் சிரித்துவிட்டாள்.

"அன்னிக்கு ஸ்டூடியோவுல டீ வண்டி தள்ளிக்கிட்டு வந்தவளே நான்தானே! கடைசி பிஸ்கட் ஒண்ணு கிடந்தது. மரியாதை தெரிஞ்ச யாரும் தொடல. டிரம்காரர் மட்டும் அதை எடுக்கப் போறவர் மாதிரி பார்த்தாரு. இவரு பாட்டு நடுவுலயே கையை நீட்டிட்டாரு. திரும்பி வந்த கை எங்க விழுந்துச்சோ, அதுதான் உங்க சுரம்."

நைஜலும் கெல்வினும் தட்டைப் பார்த்தார்கள். பேச்சினூடே எல்லாரும் தின்றது போக, அதில் கிரீம் பிஸ்கட் ஒன்றே ஒன்று மிச்சம் இருந்தது.

"நீங்க எடுத்துக்கங்க," என்றார் நைஜல்.

"ஐயோ, நீங்க எடுங்க," என்றார் கெல்வின்.

"யாரும் எடுக்க வேணாம். வாசிங்க," என்றாள் பெரில்.

இரண்டாவது சரணம் வந்தது. டிரம் அடித்தபடியே கெல்வின் அந்த பிஸ்கட்டை ஓரக்கண்ணால் பார்த்தார். டெரிக்கின் இடக்கை பருந்தாகப் பாய்ந்தது. திரும்பி வந்து தந்தியில் விழுந்தது.

அதே தப்பு!

நைஜல் மண்டியிட்டுவிட்டார். அடுத்த வரியில் டெரிக் பின்னணி பாட வேண்டும். வாயில் பிஸ்கட் இருந்ததால் பாடவில்லை.

"ரெக்கார்டுல வர்ற அதே மௌனம்!" என்று நைஜல் விம்மினார். "செத்துப்போன சுரங்கத் தொழிலாளிகளுக்காகன்னுல்ல நாங்க நினைச்சிருந்தோம்!"

வேலை கிடைத்தது. ஒரே நிபந்தனை, பெரில் டீ வண்டியோடு மேடைக்கு வர வேண்டும். டட்லியில் நடந்த முதல் கச்சேரியில் வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டபோதே அரங்கம் எழுந்து நின்றது. சுவரொட்டியில் பெரிலின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அடியில் பொடி எழுத்தில், 'உடன்: டெரிக் ஹாப்வுட்'. அவர் ஒன்றும் சொல்லவில்லை. வாய் நிறைய பிஸ்கட் இருந்தது.