தட்டி வைத்த பைகள்

பைகளைத் தட்டச் சொன்னவன் அவன்தான். தட்டாதே என்று தடுத்திருக்க வேண்டியவள் அவள். தடுக்கவில்லை. நடந்தது அவ்வளவுதான். ஆனால் அதோடு விட்டால் யாருக்கு மனசு ஆறும்? அதனால் கொஞ்சம் முன்னாலிருந்து சொல்கிறேன்.

அவள் ஒரு பொறியாளர் குழுவுக்குத் தலைவி. காற்றைக் கெடுக்கிற ஆலைகளுக்குப் போய், புகையையும் தூசியையும் அடக்கிக் கொடுப்பது அந்தக் குழுவின் வேலை. மொத்தம் ஏழு பேர். அதில் இரண்டு பேரைத் தெரிந்தால் போதும். ஒருவர் ஃபிட்டர், ஸ்பானர் என்று கூப்பிடுவார்கள். சாப்பிடும்போதுகூட இடுப்பில் ஸ்பானர் இல்லாமல் உட்கார மாட்டார். இன்னொருத்தி புகைபோக்கியின் மேல் ஏறித் தூசியை அளக்கிற பெண். கனத்த கண்ணாடி போட்டிருப்பதால் அவளுக்கு சோடாபுட்டி என்று பெயர் விழுந்துவிட்டது. குழுவில் எல்லோருக்கும் தலைவி 'அக்கா'தான். ஐம்பத்திரண்டு வயது ஸ்பானருக்கும் அவள் அக்காதான்.

இந்தத் தடவை வேலை ஒரு சுண்ணாம்புச் சூளையில். கல்லைச் சுட்டால் மாவு மாதிரி தூசி கிளம்பும். அதைப் பெரிய ஃபேன் இழுத்து, பை ரூம் என்கிற இரும்பு அறைக்குள் தள்ளும். உள்ளே இருநூற்று நாற்பது துணிப் பைகள் தொங்கும். ஒவ்வொன்றும் இரண்டு ஆள் உயரம். தூசி பையில் நின்றுவிடும், காற்று மட்டும் புகைபோக்கி வழியாக வெளியே போகும்.

இந்தப் பைகளிடம் ஒரு குணம் உண்டு. தூசியைப் பிடிப்பது துணி இல்லை. துணிமேல் முதலில் படிகிற தூசி பொருக்காகி, அந்தப் பொருக்குதான் பின்னால் வருகிற தூசியைப் பிடிக்கும். பார்க்க அழுக்காக இருக்கிற பைதான் வேலை செய்கிற பை. அளவாகக் காற்றடித்துத் தட்டினால் மேல்தூசி உதிரும், பொருக்கு நிற்கும். சுத்தம் பண்ணுகிறேன் பேர்வழி என்று பளிச்சென்று தட்டிவிட்டால், துணியின் கண்ணெல்லாம் திறந்துகொள்ளும். தூசி நேராக வெளியே வந்து ஊரார் மூக்கில் ஏறும். மறுபடி பொருக்குப் பிடிக்க ஒரு நாளாவது ஆகும்.

பை ரூமுக்குள் நுழைந்து வேலை பார்த்தவனுக்கு இது தெரியும். பதினாறு வருடமாக அந்த ஆலையில் இருந்த மேலாளருக்குத் தெரியாது. அவன் ஒரு நாளும் உள்ளே நுழைந்ததில்லை. வேலையாட்கள் அவனை வெள்ளைச்சட்டை என்பார்கள். சூளையில் நின்றுகொண்டு வெள்ளைச் சட்டை போடுகிறானே என்று வெளியாட்கள் ஆச்சரியப்படுவார்கள். சுண்ணாம்புத் தூசி வெள்ளைச் சட்டையில் தெரியாது, அதுதான் சூட்சுமம்.

அவளுடைய அண்ணன் அங்கே ஒன்பது வருடம் பை மாற்றினார். அப்போது வெள்ளைச்சட்டை ஷிப்ட் சூப்பர்வைசர். முகமூடி கேட்டால், "கர்ச்சீப் இல்லையா உங்கிட்ட?" என்பான். அந்தச் சம்பளத்தில்தான் அவள் படித்து முடித்தாள். அவள் வேலைக்குச் சேர்ந்த வருடம் அண்ணனுக்குத் தூசியால் நெஞ்சு கெட்டுப் படுத்துவிட்டார். நோய்க்குத் தூசி காரணமில்லை என்று காட்ட, மருத்துவமனைக்கு ஆலையிலிருந்து ஒரு கடிதம் போனது. 'தொழிலாளிக்குத் தீவிர சிகரெட் பழக்கம் உண்டு' என்று எழுதி, வெள்ளைச்சட்டை கையெழுத்துப் போட்டிருந்தான். அண்ணனா சிகரெட்? பக்கத்து வீட்டுக்காரன் ஜன்னலோரம் பற்றவைத்தாலே சண்டைக்குப் போகிற ஆள். அந்தக் கடிதத்தின் நகலை அவள் மடித்து வைக்கவில்லை. மனப்பாடம் செய்து வைத்தாள்.

அன்றிலிருந்து கறுவிக்கொண்டே இருந்தாள். அந்த ஆலையின் வேலை அவள் குழுவின் கைக்கு வர ஆறு வருடம் ஆனது.

புகைபோக்கித் தூசியை அளக்கும் சோதனைக்கு முந்தின நாள் மாலை, மேலாளர் அறையில் கூட்டம். சுற்றுச்சூழல் அலுவலகம் கடைசி எச்சரிக்கை கொடுத்திருந்தது. இந்தத் தடவை தேறாவிட்டால் மேலாளர் வீட்டுக்குப் போகலாம் என்று முதலாளி போனில் கத்தியது அறைக்கு வெளியே கேட்டது. அப்படியும் வெள்ளைச்சட்டையின் வாய் அடங்கவில்லை.

"மேடம், நீங்க ஒண்ணும் கவலைப்படாதீங்க. ராத்திரியே கம்ப்ரஸரை வெச்சு எல்லாப் பையையும் தட்டச் சொல்லிட்டேன். காலையில பாருங்க, புதுத் துணி மாதிரி இருக்கும். இவனுங்க சோம்பேறிங்க. அழுக்குப் பையை வெச்சுக்கிட்டு அதுதான் நல்லதுன்னு என்கிட்டயே கதை விடுறானுங்க!"

மேசைக்கு அடியில் ஸ்பானர் அவள் காலை மிதித்தார். சொல்லு என்று அர்த்தம்.

அவள் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். ஒரே ஒரு வாக்கியம். 'தட்டாதீங்க சார், தேறாது.' மூச்சு விடுகிற நேரம்கூட ஆகாது. அதற்குப் பதிலாக அவள், "உங்க ஆலை, உங்க விருப்பம் சார்," என்றாள்.

வேனில் ஏறியதும் ஸ்பானர் பிடித்துக்கொண்டார்.

"என்னக்கா, வாயில கொழுக்கட்டையா வெச்சிருந்தே?"

"நாம அவனுக்குக் குடுத்த கையேட்டுல ஏழாம் பக்கம் இருக்கு. சோதனைக்கு முன்னால பையைத் தட்டக் கூடாதுன்னு தடிச்ச எழுத்துல போட்டிருக்கு. வாங்கிக்கிட்டேன்னு கையெழுத்தும் போட்டிருக்கான்."

"அந்த ஆளு அட்டையைக்கூடத் திறந்திருக்க மாட்டான்."

"அது என் தப்பா?"

ஸ்பானர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். அண்ணன் கதை குழுவில் அவருக்கு மட்டும் தெரியும். "உன் கணக்கு எனக்குப் புரியுது. ஆனா புகைபோக்கி அவன் வீட்டுக்குள்ள இல்லையேக்கா," என்று மட்டும் சொன்னார். அதையும் அவள் யோசித்திருந்தாள். காற்று மலைப்பக்கம்தான் அடிக்கும், அங்கே ஆள் நடமாட்டம் கிடையாது என்று ஏற்கெனவே பார்த்து வைத்திருந்தாள். சோதனை நாளில் மூட்டை ஏற்றமும் இருக்காது என்று நினைத்திருந்தாள். மூன்று மணி நேரம் தூசி பறக்கும், அப்புறம் அவன் கதை முடியும். அவள் போட்டு வைத்த திட்டம் இதுதான்.

மூன்று மணி நேரம் என்பது விதி. மணிக்கு ஒன்றாக மூன்று அளவு எடுக்க வேண்டும். மூன்றும் முடிந்தால்தான் அது முடிவு. நடுவில் நின்றுவிட்டால் சோதனையே நடக்கவில்லை என்று வைத்து, வேறு நாள் குறிப்பார்கள். அந்த இடைவெளி போதும், வெள்ளைச்சட்டை யாரையாவது கேட்டுத் தெரிந்துகொண்டு தேறிவிடுவான்.

காலை எட்டு மணிக்குச் சூளை முழு வேகத்தில் ஓடியது. புகைபோக்கியிலிருந்து பால் கொட்டினாற்போல வெள்ளை வெளேரென்று கிளம்பியது. தூசி அளவு முப்பதுக்குள் இருக்க வேண்டும்.

"அக்கா," வாக்கிடாக்கியில் சோடாபுட்டியின் குரல் கீச்சென்றது. "இருநூத்திப் பத்து! மெஷின்ல கோளாறா?"

"மெஷின் சரியாத்தான் இருக்கு. குறிச்சுக்கோ."

வெள்ளைச்சட்டை அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. "புதுசு மாதிரித் தட்டினோமே, புதுசு மாதிரித் தட்டினோமே," என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதைப் பார்க்க அவளுக்குத் தேன் குடித்த மாதிரி இருந்தது. பொய் சொல்வானேன், அப்படித்தான் இருந்தது.

முதல் மணி முடிந்து இரண்டாம் அளவு தொடங்கியபோது காற்று திரும்பியது.

அவள் கட்டுப்பாட்டு அறையின் ஜன்னலில் நின்றிருந்தாள். கீழே லாரி முற்றத்தில் என்னவோ அசைந்தது. முதலில் மூட்டைகள் என்று நினைத்தாள். மூட்டைகளுக்குக் கால் இருந்தது. பதினான்கு பேர், தலையிலிருந்து கால்வரை வெள்ளையாக, லாரியில் மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஆலை வழக்கம்போல ஓடுகிறது என்று காட்ட, வெள்ளைச்சட்டை அன்றைக்கும் ஏற்றச் சொல்லியிருந்தான்.

படி இறங்கி ஓடினாள். முற்றத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. மூட்டை தூக்குகிற ஒரு அம்மா, முந்தானையை மூக்கில் சுற்றிக்கொண்டு, அவளைப் பார்த்துச் சிரித்தாள்.

"வாங்கம்மா. கல்யாணப் பொண்ணுக்குப் பவுடர் பூசின மாதிரி ஆயிட்டோம், பாருங்க. நீங்கதானே புகையை நிறுத்த வந்தவங்க?"

"ஆமா."

"நீங்க வர்றதுக்கு முன்னால இவ்வளவு இல்லியே!"

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். சிரிப்பு முடியுமுன் அந்த அம்மா இருமினாள். வறட்டு இருமல், அடிவயிற்றிலிருந்து. இரண்டு இருமல் வந்து, மூன்றாவது வராமல் நடுவில் சிக்கி, கண்ணில் நீர் முட்டுகிற இருமல். வீட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் ஆறு வருடமாக அவள் கேட்டுக்கொண்டிருக்கிற இருமல்.

"எல்லாரும் வெளிய போங்க. இப்பவே!"

"மேலாளரு சொன்னாத்தான் போகலாம். நடுவுல விட்டுட்டுப் போனா நாளைக்கு கேட்டுக்குள்ள விட மாட்டாரு."

அவள் திரும்பி நடந்தாள். ஒவ்வொரு படியிலும் மனசு பேரம் பேசியது. இன்னும் ஒன்றரை மணி நேரம். பொறுத்தால் அவன் ஒழிவான். ஆறு வருடம் பொறுத்தவள் இதைப் பொறுக்க மாட்டாயா? பொறுக்கப்போவது அவள் இல்லையே, கீழே இருக்கிற பதினான்கு பேர்தானே. அதை நினைத்ததும் அவளுக்கு வெள்ளைச்சட்டையின் குரலே தன் தொண்டைக்குள் கேட்ட மாதிரி இருந்தது. கர்ச்சீப் இல்லையா உங்கிட்ட?

சோதனை நாளில் சூளையை நிறுத்தும் அதிகாரம் குழுத் தலைவிக்கு உண்டு. சிவப்புப் பொத்தானை அமுக்கினாள். கல் விழுகிற சத்தம் நின்றது. ஃபேன் முனகி முனகி ஓய்ந்தது.

நிறுத்தினால் காரணத்தை ஆலையின் லாக் புக்கான நாளேட்டில் எழுதிக் கையெழுத்திட வேண்டும். உட்கார்ந்து எழுதினாள்.

'பைகளை முழுவதும் தட்டும்படி மேலாளர் நேற்று மாலை என் முன்னால் சொன்னார். கையேட்டின்படி அது கூடாது. அதனால் தூசி பதினான்கு பேர்மேல் கொட்டியது.'

இத்தோடு நிறுத்தினால் அவன் என்ன சொல்வான்? அந்தம்மாவும் அங்கேதான் இருந்தாங்க, ஒண்ணும் சொல்லலையே என்பான். அவள் பொய் சொல்கிறாள் என்பான். அவன் நுழைந்து தப்பிக்க இருந்த ஒரே பொந்து அவளுடைய மௌனம்தான். அதையும் அடைத்தாள்.

'தேறாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தே நான் தடுக்கவில்லை.'

தன்னையும் சேர்த்து மாட்டிவிடுகிறவள் பொய் எழுதுவாள் என்று எவன் நம்புவான்? கையெழுத்தை அழுத்திப் போட்டாள். அடுத்த தாளிலும் பதிந்தது.

வெள்ளைச்சட்டை மூச்சிரைக்க ஓடி வந்தான். பின்னாலேயே ஸ்பானரும், சூளைக்காரர்கள் நான்கைந்து பேரும் வந்தார்கள்.

"யாரைக் கேட்டு நிறுத்துனீங்க?"

"எழுதியிருக்கேன் சார். சத்தமாப் படிங்க."

அவன் வாய்க்குள் படித்தான். கடைசி வரிக்கு வந்ததும் குரல் குழைந்தது. "என்ன மேடம், உங்க தலையில நீங்களே மண்ணை வாரிப் போட்டுக்கிறீங்க? உங்க வேலையும் போயிடும். இதைக் கிழிச்சிடலாம். பை மட்டமான பைன்னு எழுதுங்க. ரெண்டு பேரும் தப்பிச்சுக்கலாம்."

"கிழிச்சுத்தான் பாருங்களேன். நம்பர் போட்ட பக்கம். இத்தனை பேர் பார்த்துக்கிட்டு நிக்கிறாங்க."

"உங்களுக்கு என்மேல அப்படி என்னங்க கோபம்?"

இந்தக் கேள்விக்காகத்தான் அவள் ஆறு வருடம் காத்திருந்தாள். "ஒன்பது வருஷம் உங்க பை ரூம்ல பை மாத்தினவர் எங்க அண்ணன். சிகரெட் குடிச்சு நெஞ்சைக் கெடுத்துக்கிட்டார்னு கடிதம் எழுதினீங்களே."

அவன் புருவத்தைச் சுருக்கினான். நிஜமாகவே யோசித்தான். "யாரு... அந்த உயரமா ஒருத்தன் இருந்தானே, அவனா?"

"குள்ளம்."

"குள்ளமா..." அவனுக்கு நினைவு வரவில்லை. நடிப்பு இல்லை. அவனுக்கு அது எத்தனையோ கடிதத்தில் ஒரு கடிதம்.

அவளுக்கு அந்த இடத்தில் காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. துப்பவில்லை. "பரவாயில்ல சார். அவரை மறந்தா மறந்துட்டுப் போங்க. என்னை மறக்க மாட்டீங்க. இதைப் படிச்சதா அடியில கையெழுத்துப் போடுங்க."

"போட மாட்டேன்."

"ஸ்பானர், 'மேலாளர் கையெழுத்திட மறுத்தார்'னு நீங்க சாட்சி போடுங்க."

ஸ்பானர் பேனாவை வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு, கோணல் எழுத்தில் நிதானமாக எழுதினார். அவர் எழுதி முடிக்கிறவரை வெள்ளைச்சட்டை அங்கேயே நின்றான். சூளைக்காரர்கள் நாளேட்டைப் பார்க்கவில்லை. அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான்கு நாளில் முதலாளி அவனை வீட்டுக்கு அனுப்பினார். அதே வாரம் அவளுடைய நிறுவனமும் கடிதம் கொடுத்தது. குழுவுக்கு இனி ஸ்பானர் பொறுப்பு. அவள் அலுவலகத்தில் உட்கார்ந்து, மற்றவர்கள் எடுத்து அனுப்பும் அளவுகளைச் சரிபார்க்க வேண்டும். வெளியிடத்துக்குப் போகக் கூடாது.

அந்தக் கடிதத்தோடு வீட்டுக்குப் போனாள். அண்ணன் கட்டிலில் குனிந்து உட்கார்ந்திருந்தார், மூக்கில் குழாயோடு. எல்லாவற்றையும் சொன்னாள். அவர் பேசுகிற மூச்சைச் சேர்த்து வைத்துக்கொண்டு கேட்டார்.

"மூட்டைக்காரங்கமேல எவ்வளவு நேரம் கொட்டுச்சு?"

"காத்து திரும்பினதுல இருந்து இருபது நிமிஷம். பதினாலு பேர்."

அவர் தலையைத் திருப்பிக்கொண்டார். அவள் தரையில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஆக்ஸிஜன் மெஷின் மட்டும் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"அவங்களைப் போய்ப் பாரு," என்றார் கடைசியில். "ஒருத்தர் விடாம."

"நாளைக்குப் போறேன்ணா."

"ம்." மூச்சு வாங்கினார். பிறகு மெல்ல இவள் பக்கம் திரும்பினார். கண்ணில் பழைய போக்கிரித்தனம் எட்டிப் பார்த்தது. "சரி, இப்ப சொல்லு. அந்த நாளேட்டைப் படிக்கும்போது அவன் மூஞ்சி எப்படி இருந்துச்சு?"

அவள் சொல்லத் தொடங்கினாள். பாதி சொல்லுமுன் அண்ணன் கையை உயர்த்தி நிறுத்தினார்.

"மெதுவா. மறுபடி முதல்ல இருந்து சொல்லு."