கம்பெனி பஸ்ஸுக்கு நிற்கும் கொக்கு

உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே அசீம் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருந்தான். பள்ளிக்கூடத்தில் அவனோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த சாம்சன், ஒரகடம் பக்கம் கார் கதவுக்குத் தகடு அழுத்தும் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆளாக வேலை பார்த்தான். ஒரு நிமிஷம் ஓடுகிற அனிமேஷன் படம் ஒன்றைச் சேர்ந்து பண்ணுவது என்று இரண்டு பேரும் தை மாசத்தில் முடிவு செய்தார்கள். அந்த வேலையைப் பற்றி இருவருக்கும் முன்னே பின்னே தெரியாது.

கதை சாம்சனுடையது. ஏரியில் மீன் கிடைக்காத ஒரு கொக்கு, கழுத்தில் ஐடி கார்டு மாட்டிக்கொண்டு கம்பெனி பஸ்ஸுக்கு வரிசையில் நிற்கிறது. பஸ் வந்ததும் கொக்கு ஏறுமா ஏறாதா என்பதில்தான் ஒத்துவரவில்லை.

"ஏறாம பறந்து போனாத்தான்டா பாக்கறவனுக்கு நல்லா இருக்கும்," என்றான் அசீம்.

"பறந்து எங்க போவும்? போற எடம் இருந்தா அது ஏன் வரிசைல வந்து நிக்குது?"

முடிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று வேலையைத் தொடங்கினார்கள். கடையின் கண்ணாடி ஷோகேஸுக்கு அடியில் அசீம் எல்இடி பட்டை ஒட்டினான். கண்ணாடிமேல் இரண்டு தாளை அடுக்கினால் அடித்தாளின் கோடு மேலே தெரியும். அதைப் பார்த்துக் கொக்கின் கழுத்தை நூலளவு தள்ளி வரையலாம். ஒரு நொடிக்குப் பன்னிரண்டு படம் வேண்டும் என்று திட்டம். சாம்சன் வரைவான், அசீம் ஒவ்வொன்றாகப் படமெடுத்து போனிலேயே கோப்பான்.

சாம்சனுக்கு அப்போது நைட் ஷிப்ட். காலையில் பஸ்ஸைவிட்டு இறங்கி, நாஷ்டா தின்று படுக்க வேண்டியவன், மத்தியானமே கடைக்கு வந்துவிடுவான். "தூங்கினியா?" என்று கேட்டால் "ஆச்சு, ஆச்சு" என்பான். கண் சிவந்திருக்கும். அசீம் அதற்குமேல் துருவ மாட்டான். துருவினால் எழுந்து போய்விடுவானோ என்று பயம்.

மாசி கடைசியில் ஒருநாள், வரைந்தவரை சேர்த்து ஓட்டிப் பார்த்தார்கள். கொக்கு கழுத்தைத் திருப்பிச் சாலையைப் பார்த்தது. அவ்வளவுதான். சாம்சன் திரும்பத் திரும்ப ஓட்டச் சொன்னான். அவன் அடுத்த தாளை வரைவதை அசீம் வீடியோ எடுத்து, 'எங்க முதல் படம் ரெடியாவுது' என்று எழுதி இன்ஸ்டாவில் போட்டான்.

அன்றைய ஷிப்டில் பிரஸ் மிஷின் சாம்சனின் வலது கைமேல் இறங்கியது. ஆட்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அசீம் ஆஸ்பத்திரிக்கு ஓடினான். வராந்தாவில் சாம்சனின் மனைவி செவ்வந்தி தரையில் உட்கார்ந்திருந்தாள். அவனைப் பார்த்து எழுந்திருக்கவில்லை.

"பகல்ல தூங்கு தூங்குன்னு நான் சொல்லிக்கினேதான் இருந்தேன். அசீம் கடைல சாஞ்சிக்கிறேன்னு கெளம்பிடுவாரு," என்றாள். "உங்க கடைல படுக்க எடம் கீதாண்ணா?"

"இல்லம்மா."

அவள் முகத்தை வார்டு கதவுப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

சில நாள் கழித்து அசீம் வார்டில் இருந்தபோது கான்ட்ராக்டரின் ஆள் ஒருவன் வந்தான். கையில் டைப் அடித்த பேப்பர். தூக்கக் கலக்கத்தில் தன் கவனக்குறைவால்தான் விபத்து நடந்தது என்று சாம்சன் சொல்வதுபோல அதில் எழுதியிருந்தது.

"கை உள்ள போனா மிஷின நிறுத்தறதுக்கு சென்சார் கீது சார். அது வேலை செய்யலன்னு போன வாரமே சொன்னேன்," என்றான் சாம்சன்.

அந்த ஆள் போனை எடுத்து இன்ஸ்டா வீடியோவை ஓட்டிக் காட்டினான். "இது நீதானே? அன்னிக்கு மத்தியானம் போட்டது. நைட்டு வேலைக்கு வர்றவன் பகல் முழுக்க பொம்ம போட்டுக்கினு இருந்தா மிஷின் இன்னா பண்ணும்?"

கட்டில் ஓரம் நின்ற அசீம் முன்னால் வந்தான். "அத போட்டது நான் சார்."

"அப்ப நீயே சாட்சி," என்று சொல்லிவிட்டு அவன் மை டப்பாவைத் திறந்தான். இடது கட்டை விரலை வைத்தால் போதுமாம். சாம்சன் இடது கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டான். அந்த ஆள் எவ்வளவு பேசியும் வெளியே எடுக்கவில்லை.

வெளியே வந்ததும் அசீம் முதல் வேலையாக வீடியோவை அழித்தான். போனில் இருந்ததையும் சேர்த்து. பிறகு கடைக்குப் போய் எல்இடி பட்டையைப் பிய்த்தான். சாம்சனுக்கு வேலை போனது. லேபர் ஆபீஸில் மனு கொடுத்தான். சென்சார் விஷயம் தெரிந்த, கூட வேலை பார்த்த லைன் ஆட்கள் ஒருவரும் வாய் திறக்கவில்லை. இதெல்லாம் அசீமுக்கு மற்றவர்கள் சொல்லித்தான் தெரிந்தது. அவன் சாம்சன் வீட்டுக்குப் போகவில்லை. கடைவீதியில் செவ்வந்தி எதிரே வந்தால் பக்கத்துச் சந்தில் திரும்பிவிடுவான்.

வைகாசியில் ஒரு மத்தியானம் சாம்சனே வந்து ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தான்.

"அந்த வீடியோ எங்கடா?"

"அழிச்சிட்டேன்."

"யாரக் கேட்டு?"

"உன் கேஸுக்கு ஆவாதுன்னு..."

"அவன் எடுத்து வச்சிக்கினானே. நீ அழிச்சா அவன்கிட்ட கீறது போயிடுமா?" சாம்சன் குரலை உயர்த்தவில்லை. "வலது கையால நான் வரையற மாதிரி வேற எதுல கீது, சொல்லு."

அசீம் கையிலிருந்த ஸ்க்ரூடிரைவரைக் கீழே வைத்தான். "எல்லாம் என்னாலதான்டா," என்றான்.

"இல்லன்னு நான் சொல்லணுமா? சொல்ல மாட்டேன். நீ கூப்புட்ட, நான் தூங்காம வந்தேன். அது நம்ம ரெண்டு பேர் தப்பு. ஆனா கை உள்ள போனா மிஷின் நிக்கணும். தூங்கறவன் கைன்னாலும் நிக்கணும். அத நீயே மறந்துட்டு உன் தலைல போட்டுக்கினு ஒளியற."

பிறகு ஒரு தாள் கேட்டான். இடது கையில் பென்சிலைப் பிடித்துக் கழுத்தை இழுத்தான். கோடு நடுங்கித் தாளைவிட்டு வெளியே போனது. இன்னொரு தடவை இழுத்தான். பென்சிலை அசீம் பக்கம் உருட்டினான்.

"நீ போடு."

"எனக்கு எங்கடா வரும்?"

"போடு."

அசீம் போட்டான். சாம்சன் எட்டிப் பார்த்தான். "கொக்குக்குக் கால் இப்படியா மடங்கும்? பின்னால மடங்கணும். அழி."

அழித்துப் போட்டான். அதுவும் சரியில்லை. மூன்றாவதை வரையும்போது உடைந்த டிஸ்ப்ளேயோடு ஒருவர் கடைக்கு வந்தார். சாம்சன் எழுந்து ஸ்டூலை ஓரமாகத் தள்ளினான்.

"நாளைக்கு வரியா?" என்றான் அசீம்.

"லேபர் ஆபீஸ் போவணும்."

"நானும் வரட்டா? ஆஸ்பத்திரில அந்த ஆள் உன்கிட்ட ரேகை கேட்டத நான் பாத்தேன்னு சொல்றேன்."

சாம்சன் செருப்பை மாட்டினான். "செவ்வந்திகிட்ட மொதல்ல வந்து பேசு," என்று சொல்லிவிட்டு வெயிலில் இறங்கிப் போனான்.