பெயர் சொன்னவள்

காலையில் எர்கின் அடுப்பைக் கிளறி இரண்டு வறட்டி போட்டான். பசுவுக்கு வைக்கோல் வைத்தான். வாளித் தண்ணீரின் மேல் படிந்திருந்த பனிக்கட்டியைக் கரண்டியால் உடைத்தான். அவன் மனைவி புருலாய் பால் தேநீர் ஊற்றினாள், ரொட்டியைப் பிய்த்து வைத்தாள், போனைச் சர்க்கரைக் கிண்ணத்தில் சாய்த்து ஊர் குரூப்பைப் படித்தாள். கிராம சபைத் தேர்தலில் நிற்பதாக அவள் சொன்னதிலிருந்து தினமும் இதே கதைதான். எழுதியவர் குரலிலேயே படித்துக் காட்டுவாள்.

"'வந்த மருமகளுக்கு வாய் இவ்வளவு நீளமா, தைச்சு விடுங்கப்பா.' இது தபால்கார அண்ணன். விடியறதுக்குள்ளயே உழைக்கிறாரு."

"சாப்பிடு," என்றான்.

"'எர்கின் தலையில முக்காடு போட்டு விடுங்க.' இது உனக்கு. என்ன கலர்னு சொல்லல."

அவன் சிரித்தான். அவள் சிரிக்கவில்லை. விரலால் மேலே தள்ளிப் படித்துக்கொண்டே போனாள்.

ஊருக்கு மேலே இருந்த வசந்தகால மேய்ச்சல் நிலத்தைச் சபைத் தலைவர் அசான்குல் யாரையும் கேட்காமல் நகரத்து ஆட்டு வியாபாரிக்குக் குத்தகைக்கு விட்டுவிட்டார். புருலாய் அதைத்தான் குரூப்பில் எழுதியிருந்தாள். அசான்குல் எர்கினின் பெரியப்பா. வீட்டுக்கு வந்த மருமகள் கணவன் வீட்டுப் பெரியவர்களின் பெயரை வாயால் சொல்வதில்லை. மேல் வீட்டுக்காரர் என்றோ வெள்ளைக் குதிரைக்காரர் என்றோ சுற்றிவளைத்துத்தான் சொல்ல வேண்டும். புருலாய் பெயரையே எழுதிவிட்டாள்.

"மேல் வீட்டுக்காரர்னு எழுதினா ஊர்ல பாதிப் பேரு திருடனாயிடுவாங்க," என்றாள் அன்றைக்கு.

அதன்பிறகு மேய்ச்சல் நிலத்தைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. பெயரைச் சொன்னதுதான் பேச்சு. நாய் என்றார்கள். வேசி என்றார்கள். அவளைப் பெற்றவளையும் இழுத்தார்கள். அசான்குலின் மகன் மிர்லான் குரல் பதிவு போட்டான்: "எங்கப்பன் பேரைச் சொன்ன வாயைச் சாட்டையால கிழிக்கணும்." அதற்குக் கீழே வரிசையாகக் கட்டைவிரல்கள், சிரிக்கும் முகங்கள். பக்கத்து வீட்டு அக்காகூட ஒரு இதயம் வைத்திருந்தாள்.

குரூப்பைப் படித்துக் காட்டிய அன்றே மதியம், புருலாய் பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திவிட்டுத் திரும்பும்போது மிர்லான் கால்வாய்ப் பாலத்தில் அவளை மறித்தான். முதல் சாட்டை முகத்தில் விழுந்தது. கையால் மறைத்தாள், கையில் விழுந்தது. பிறகு அவன் சாட்டையைத் திருப்பிப் பிடித்து, இரும்புப் பூண் போட்ட கைப்பிடியால் அடித்தான். அவள் சாய்ந்தாள். மண்டை பாலத்தின் சிமெண்ட் விளிம்பில் மோதியது. அதன் பிறகும் அடித்தான். பாலத்தில் ஆட்கள் நின்றிருந்தார்கள். ஒருவன் போனில் வீடியோ எடுத்தான். எர்கின் பாலத்துக்கு ஓடிவருவதற்கு முன்பே அந்த வீடியோ குரூப்புக்கு வந்துவிட்டது. அதில் காற்றின் இரைச்சலைத் தவிர வேறெதுவும் கேட்கவில்லை.

அவளைக் காரின் பின் இருக்கையில் கிடத்தி அவன் நகரத்துக்கு ஓட்டினான். ஒரு கண் வீக்கத்துக்குள் மறைந்துவிட்டது. ரத்தம் இருக்கையிலிருந்து வழிந்து தரையில் தேங்கியது. வழியில் அவள் ஒரே ஒரு முறைதான் பேசினாள். பெட்ரோல் பங்கைத் தாண்டும்போது மூச்சு நின்றிருந்தது. அவன் ஆஸ்பத்திரிவரை ஓட்டினான்.

அன்று சாயங்காலமே குரூப்பில் ஒருவர் எழுதினார்: "சாகும்போதும் பெரியவர் பேரைச் சொல்லி, உன் வம்சம் அழிஞ்சு போகட்டும்னு சபிச்சாளாம்." எழுதியவர் பாலத்திலும் இல்லை, காரிலும் இல்லை. விடிவதற்குள் அது ஊருக்கே தெரிந்த செய்தியாகிவிட்டது. எர்கினிடம் யாரும் கேட்கவில்லை.

உடல் வந்தது. முற்றத்தில் கம்பளிக் கூடாரம் போட்டார்கள். உள்ளே பெண்கள் ஒப்பாரி வைத்தார்கள். எர்கின் வழக்கப்படி வாசலில் கம்பை ஊன்றி நின்றான். ஆண்கள் தெருவிலிருந்தே கதறிக்கொண்டு வந்தார்கள். "ஐயோ, என் தங்கச்சியே," என்று தபால்காரர் தூரத்திலிருந்தே அலறினார். வந்த ஒவ்வொருவரையும் கட்டிக்கொள்ள வேண்டும். கட்டிக்கொண்டான். தபால்காரரின் கண்ணீர் அவன் கழுத்தில் இறங்கியது. அவனுக்கு ஒன்றும் தோன்றவில்லை.

தொழுகைக்கு முன்னால் குடும்பத்து மூத்தவர் கூட்டத்தைப் பார்த்து, இறந்தவர் எப்படிப்பட்டவர் என்று கேட்பார். நல்லவர் என்று எல்லோரும் சொல்ல வேண்டும். சொன்ன பிறகுதான் அடக்கம். இந்தக் குடும்பத்தில் மூத்தவர் அசான்குல். மகன் போலீஸ் காவலில் இருந்தான். அவர் ரோமக் காலர் வைத்த கோட்டுடன் பாடைக்கு அருகில் வந்து நின்று தொண்டையைச் செருமினார்.

"நீங்க கேக்கக் கூடாது, பெரியப்பா," என்றான் எர்கின்.

"ஒதுங்குடா. ஊர் பாக்குது."

"வேற யாராச்சும் கேக்கட்டும்."

அவர் அவனைத் தாண்டிக் கூட்டத்தைப் பார்த்தார். "ஜனங்களே, நம்ம மருமக எப்படிப்பட்ட..."

எர்கின் கம்பை வீசி அவர் வாயில் அடித்தான். பல் உடையும் சத்தம் கேட்டது. மறுபடி அடித்தான். தொப்பி தரையில் உருண்டது, வெள்ளைத் தாடி சிவந்தது. மூன்றாவது அடிக்குக் கையை ஓங்கும்போது பின்னாலிருந்து இழுத்துத் தள்ளினார்கள். சேற்றில் குப்புற விழுந்தான். தபால்காரர் முழங்காலால் அவன் பிடரியை அழுத்தினார். விலா எலும்பில் பூட்ஸ்கள் விழுந்தன. கூடாரத்துக்குள் ஒப்பாரி நின்றுவிட்டது. இமாம் கத்தியது யார் காதிலும் ஏறவில்லை.

அசான்குல் ரத்தத்தைத் துப்பினார். "விடுங்கடா அவனை. அவன் வாயாலயே சொல்லட்டும். என்னையும் என் பிள்ளையையும் சபிச்சுட்டுத்தானே உன் பொண்டாட்டி செத்தா? கார்ல நீதானே இருந்தே. சொல்லு."

உதைகள் நின்றன. கூட்டத்தில் போன்கள் உயர்ந்து அவனை நோக்கின. எர்கின் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தான். வாயிலிருந்த சேற்றைத் துப்பினான்.

"போன் அடிச்சுக்கிட்டே இருந்துச்சு. நீங்கல்லாம் குரூப்புல எழுதிக்கிட்டு இருந்தீங்க. ஓட்டிக்கிட்டே நான் அதைக் கையில எடுத்தேன். அப்பத்தான் சொன்னா."

"என்ன சொன்னா?"

"'நீ ஒண்ணும் எழுதாத. நான் வந்து பதில் சொல்லிக்கிறேன்.'"