அம்மனும் அபிப்பிராயப் புத்தகமும்

காத்தான் ஏர் ஓட்டும்போது கொழுவில் தட்டுப்பட்டு, சேறும் சகதியுமாக வெளியே வந்த ஐம்பொன் அம்மன் இரண்டு வருஷமாகத் தஞ்சாவூர் அரண்மனைக் கலைக்கூடத்தில் நிற்கிறாள். நம் வயலில் பிறந்தவளைப் போய்ப் பார்க்காமல் இருக்கலாமா என்பது காத்தான் பெண்சாதி நீலாம்பாளின் கட்சி. போகத்துக்கு ஒரு தடவை பிள்ளைகள் இரண்டையும் இழுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுவாள்.

எழுபதாம் வருஷம் ஆடியில், நாற்று விட்ட கையோடு போனார்கள். மூத்தவள் அம்சவல்லிக்கு வயசு ஒன்பது. வாய் மட்டும் ஒன்பது ஊருக்குக் காணும்.

"பீடத்துல ஏன் ஓட்டை?"

"கம்பு சொருகித் தூக்கறதுக்கு. அம்மன் ஊர்வலம் போக வேணாமா?" என்றார் காவலர் மீரா உசேன்.

"விரலை மடக்கி வச்சிருக்காளே, கையில என்ன இருந்துச்சு?"

"பூ இருந்திருக்கும். வாங்கப் போன ஆளுதான் இன்னும் திரும்பி வரலை."

ஐப்பசியில் நடவு முடிந்து, தொப்பலாக நனைந்தபடி போனார்கள். அம்மனுக்கு இங்கே மழையே இல்லையே என்று சின்னவன் இராஜாங்கம் கண் கலங்கினான். அம்சவல்லிக்கோ வாசல் மேஜையிலிருந்த அபிப்பிராயப் புத்தகத்தின் மேல் பித்துப் பிடித்துவிட்டது. கடைசி நாலைந்து பக்கங்களில் வந்தவர்கள் எழுதிப்போனதை ஒன்றுவிடாமல் படித்தாள். 'மிக நன்று' என்று ஒருவர், 'குடிதண்ணீர் இல்லை' என்று ஒருவர். யார் இவர்களெல்லாம், ஏன் எழுதினார்கள் என்று பஸ்ஸில் அம்மாவின் உயிரை வாங்கினாள்.

தையில் போனபோது நீலாம்பாள் வேடிக்கை பார்க்கப் போகவில்லை. குத்தகைக்காரர்கள் பெயரைப் பதிவேட்டில் ஏற்றச் சொல்லிப் புது ஆட்சி சட்டம் போட்டிருந்தது. காத்தான் மனுக் கொடுத்தான். நிலத்துக்குச் சொந்தக்காரரான பண்ணையார் குஞ்சிதபாதமோ, "காத்தானா? கூலிக்கு வந்துட்டுப் போற ஆளு" என்று ஒரே போடாகப் போட்டுவிட்டார். மூன்று தலைமுறை உழுத ஆறு மா நிலத்துக்கு ஒரு துண்டுச் சீட்டு கிடையாது. எல்லாம் வாய்ப்பேச்சுதான். திங்கட்கிழமை தாசில்தார் விசாரணை. பெயர் ஏறாவிட்டால் நிலம் கைவிட்டுப் போகும்.

முந்தானையில் முடிந்திருந்த நெற்கதிரை அம்மன் காலடியில் வைத்து, "உன்னைத் தூக்கி எடுத்த மனுஷனுக்கு இதான் கூலியாடி?" என்று நீலாம்பாள் அழுதாள். மீரா உசேன் பார்த்தும் பார்க்காததுபோல் நின்றார்.

"அம்மா, இங்க அப்பா பேரு இருக்கு!"

அபிப்பிராயப் புத்தகத்தைப் பின்னோக்கிப் புரட்டிக்கொண்டே போன அம்சவல்லிதான் கத்தினாள். எழுத்துக்கூட்டிப் படித்தாள்: "இவ்வம்மன் எனது நிலத்தில், என் குத்தகைக்காரன் காத்தான் உழுகையில் கிடைத்தவள். இஃது எம் குடும்பத்துக்கே பெருமை. பண்ணை குஞ்சிதபாதம்." கீழே ஊர், தேதி, கையெழுத்து.

"அட, ஆமா!" என்றார் மீரா உசேன். "அம்மனை இங்க வச்ச அன்னிக்குப் பட்டு வேட்டியும் மாலையுமா வந்தாரு. அரைப் பக்கத்துக்கு எழுதினாரு."

நீலாம்பாள் பாய்ந்துபோய்த் தாளைக் கிழிக்கக் கை வைத்தாள். மீரா உசேன் அந்தக் கையைத் தடுத்தார்.

"கிழிச்சா வெறும் தாளும்மா. புத்தகத்தோட இருந்தாத்தான் சாட்சி. தாசில்தாரை ஒரு வரி எழுதிக் கேக்கச் சொல்லு. நானே தூக்கிட்டு வர்றேன்."

சொன்னபடியே திங்கட்கிழமை புத்தகத்தைத் துண்டில் சுற்றிக்கொண்டு வந்துவிட்டார். தாசில்தார் அந்தப் பக்கத்தைப் படித்துவிட்டுப் பண்ணையார் பக்கம் திருப்பினார்.

"கையெழுத்து உங்களுதுதானே?"

இல்லையென்று சொன்னால் அம்மன் கிடைத்த பெருமையும் போய்விடும். ஊரே நின்று பார்த்துக்கொண்டிருந்தது.

"அம்மன் என் நிலத்துலதான் கிடைச்சா" என்றார் பண்ணையார் விறைப்பாக.

"யாரு உழுதப்ப?"

தாசில்தார் பேனாவைத் திறந்து, காத்தான் பெயரை எழுதினார்.

அடுத்த ஆடியில் காத்தானும் கூட வந்தான். அம்சவல்லி புத்தகத்தை இழுத்து, 'அம்மன் கையில் ஒரு பூ வைக்கவும்' என்று எழுதிவிட்டு நிமிர்ந்தாள்.

"அது மட்டும் போதாதுடி" என்றாள் நீலாம்பாள். "அப்பா பேரைப் போடு, ஊரைப் போடு. நாத்து விட்டுட்டு வந்தோம்னு எழுதி, தேதியும் போடு."