படிக்கட்டு இல்லாத கட்டடம்

கொக்கியார் பொய் சொல்ல மாட்டார். உண்மை அவர் வாயிலிருந்து வெளியே வரும்போது கொஞ்சம் வீங்கிவிடும், அவ்வளவுதான். கட்டடம் கட்டும் இடங்களில் கோபுரக் கிரேன் ஓட்டுவது அவர் தொழில். ஒருமுறை கொக்கியில் மேகம் ஒன்று மாட்டிக்கொண்டு, இறக்கி வைக்க இடமில்லாமல் மதியம்வரை தொங்கவிட்டிருந்தாராம். கீழே கலவை போட்டவர்கள் அன்று தண்ணீர்க் குழாயைத் திறக்கவே இல்லையாம். இதைக் கேட்டுச் சிரிக்காத பெண் உலகத்தில் ஒருத்திதான் இருந்தாள். அவளையே அவர் கட்டிக்கொண்டார்.

இப்போது கொக்கியார் ஆஸ்பத்திரியில், கண்ணாடி அறை ஒன்றில் கிடந்தார். ரத்தம் கெட்டுப்போய், பழைய எலும்பு மஜ்ஜையை மருந்தால் அழித்துவிட்டுத் தம்பியுடையதை ஏற்றியிருந்தார்கள். அது வேர் பிடிக்கும்வரை யாரும் கிட்டே வரக்கூடாது. உள்ளே வரும் நர்ஸுக்கும் கண் இரண்டைத் தவிர முகம் கிடையாது. வாய் முழுக்கப் புண். எச்சில் விழுங்கினால் ஆணி விழுங்கியது போலிருந்தது.

“மருந்து எங்க வேலை. சாப்பிடறதும் எழுந்து உட்கார்றதும் உங்க வேலை,” என்றார் டாக்டர். “நீங்க விட்டுட்டா உடம்பும் விட்டுடும்.”

கொக்கியார் விட்டுவிட்டார். அவருக்கு வேறு வேலை கிடைத்திருந்தது.

கண்ணை மூடினால் போதும், கிரேனின் இரும்பு ஏணியில் ஏறிக் கூண்டுக்குள் உட்கார்ந்துவிடுவார். அங்கே வலி கிடையாது. தனிமை உண்டு; ஆனால் அது பழகிய தனிமை. வாலிபத்திலிருந்து பகலெல்லாம் அந்தக் கூண்டில் ஒண்டியாக உட்கார்ந்து, மனிதர்களைக் கடுகளவில் பார்த்தே பழகியவர். சும்மா இருப்பானேன் என்று ஒரு கட்டடம் எழுப்ப ஆரம்பித்தார். மாடிமேல் மாடி ஏறி, பறவைகள் சுற்றிக்கொண்டு போகும்படி ஆயிற்று. இரண்டு கொக்குகள் நேரில் வந்து புகார் கொடுத்தன. உயரம் கூடக் கூட நர்ஸின் குரல் தேய்ந்தது. அதுதான் அதில் உள்ள சௌகரியம்.

மனைவி சலவைக்கூடத்தில் இஸ்திரி போடுகிறவள். சாயங்காலம் வேலை முடிந்ததும் வந்து, கண்ணாடிக்கு வெளியே நின்று, சுவரில் மாட்டிய போனில் பேசுவாள். அன்றும் வந்தாள். நர்ஸ் இந்தப் பக்கத்துப் போனை அவர் காதில் வைத்தாள்.

“என்னங்க, கேக்குதா?”

“கேக்குது. இங்க காத்து அதிகம்.”

“அது ஏசி.”

“மாடி போட்டுக்கிட்டிருக்கேன்.”

வேறொருத்தியாக இருந்தால் டாக்டரைத் தேடி ஓடியிருப்பாள். இவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“ஜன்னல் வெச்சீங்களா?”

“நாலு பக்கமும்.”

“சரி. படிக்கட்டு?”

கொக்கியார் கண்ணைத் திறந்தார். ஆயுசு முழுக்கக் கம்பியும் பலகையும் தூக்கிக் கொடுத்தவர். தான் தூக்கிக் கொடுத்த எந்தக் கட்டடத்துக்குள்ளும் நடந்ததில்லை. கூண்டிலிருந்து பார்த்தால் கூரை தெரியும், படி தெரியாது. அதனால் அவர் மண்டைக்குள்ளும் படி இல்லை.

“ஏன் திருதிருன்னு முழிக்கறீங்க? நான் எப்படி மேல வர்றது?”

“நீ எதுக்கு வரணும்?”



“வீட்ல ஒண்டியா பேசிப் பேசி, செவுத்துக்கே என் கதையெல்லாம் மனப்பாடம் ஆயிடுச்சு. அதான்,” என்றாள். “படி இல்லன்னா கொக்கியில மாட்டித் தூக்குங்க.”

“ஆளைத் தூக்கக் கூடாது. சட்டம்.”

“அப்ப படியைக் கட்டுங்க. பொய்யிலகூட அரைகுறை வேலை பாத்தா எப்படி?”

பார்வை நேரம் முடிந்தது. புடவைத் தலைப்பால் கண்ணாடியில் தன் மூச்சுப் பட்ட இடத்தைத் துடைத்துவிட்டுப் போனாள்.

கொக்கியார் கூண்டில் உட்கார்ந்து யோசித்தார். கூரையை அந்தரத்தில் தொங்கவிடலாம், மேகத்தின்மேல் தூண் நிறுத்தலாம். ஆனால் எப்பேர்ப்பட்ட புளுகனாலும் படிக்கட்டை மேலிருந்து கட்ட முடியாது. முதல் படி தரையில்தான் உட்கார வேண்டும்.

ஏணியில் இறங்கத் தொடங்கினார். இறங்க இறங்கக் காற்று நின்றது. ஸ்பிரிட் வாசனை வந்தது. கையில் குத்தியிருந்த ஊசி வந்தது. கடைசியில் வாய்ப்புண்ணும் வந்து சேர்ந்தது. அறையில் ஒரு ஜீவன் இல்லை. திரும்ப ஏறிவிடலாமா என்று கை மேல்கம்பியைப் பிடிக்கக்கூடப் போனது. அவள் வந்து கட்டடத்தைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, வாசல் தெரியாமல் திரும்பிப் போவதை நினைத்தார். கையை எடுத்து மணியை அழுத்தினார்.

கண்கள் இரண்டும் வந்தன. “என்னய்யா, வலிக்குதா?”

“மத்தியானம் வேண்டாம்னேனே, அந்த சூப்பு இருக்கா?”

“ஆறிப்போச்சே. சுட வெச்சுத் தரட்டா?”

“அப்படியே குடும்மா.”

தலையணையை முட்டுக்கொடுத்து அவரை உட்கார வைத்தாள். முதல் கரண்டி உள்ளே இறங்குவதற்குள் கண்ணில் நீர் கோத்துவிட்டது.

“மெதுவாங்கய்யா. என்ன அவசரம்?”

“அவளுக்கு முட்டி வலி,” என்றார் கொக்கியார். “ஒவ்வொரு படியும் தாழ்வா போடணும். அப்ப நிறைய போடவேண்டி வரும்.”

நர்ஸுக்கு ஒன்றும் புரியவில்லை. அடுத்த கரண்டியை நீட்டினாள். கொக்கியார் வாயைத் திறந்தார்.