மேற்கு ஓரத்துக் காசு

சம்பந்தம் சேர்த்துவைத்திருந்த காசுகளைப் பார்த்தால் திருடனுக்குக்கூடத் திருடத் தோன்றாது. சுண்டுவிரல் நகத்தளவு செம்புத் துண்டுகள். பச்சைக் களிம்பு ஏறி, ஓரம் தேய்ந்து, சட்டைப் பட்டனே அதைவிட லட்சணமாக இருக்கும். ஆனால் அத்தனையும் ரோமாபுரிக் காசு, ஆயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தியது. தங்கம், வெள்ளியில் அடித்ததெல்லாம் பணக்காரர்களுக்குப் போய்விடும். அந்த சாம்ராஜ்யம் நொடித்துக்கொண்டிருந்த காலத்துச் செம்புதான் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிற அவருக்குக் கட்டுப்படியாகும். தாம்பரம் மார்க்கெட்டில் பழைய பாத்திரக் கடை வைத்திருந்த அமீருதீன் பாய், செம்போடு செம்பாக ஏதாவது வந்தால் பொட்டலம் கட்டி எடுத்துவைப்பார். காசு ஒன்று இரண்டு ரூபாய். அதற்கே மனிதர் ஒரு வாரம் டீயை நிறுத்திவிடுவார்.

அதிலும் ஒரு வகைக் காசின் மேல் அவருக்குத் தீராத ஆசை. ஒரு பக்கம் ராஜாவின் தலை. மறுபக்கம் இரண்டு சிப்பாய்கள், நடுவில் ஒரு கொடி. சிப்பாய்களின் காலடியில் காசு அடித்த ஊரின் அடையாளம் சின்னச் சின்ன எழுத்தில் இருக்கும். அப்படிப் பதினோரு காசு அவரிடம் இருந்தது. பதினொன்றிலும் காலடி மட்டும் தேய்ந்து மொழுக்கென்று கிடந்தது. எங்கிருந்து கிளம்பிக் கடல் தாண்டி வந்தது என்று படிக்க முடிகிற மாதிரி ஒன்றே ஒன்று கிடைக்காதா என்று எட்டு வருஷமாகத் தேடினார். நாளெல்லாம் அடுத்தவர் எழுத்தில் பிழை பார்க்கிறவருக்கு, தனக்கென்று படிக்க நாலு எழுத்து வேண்டியிருந்தது.

இதையெல்லாம் யாராவது கேட்டால் சொல்லலாம். யாரும் கேட்டதில்லை. மனைவி சரோஜினி அந்தத் தகர டப்பாவைத் துடைத்து இருந்த இடத்திலேயே வைப்பாள். உள்ளே என்ன என்று ஒருநாளும் கேட்டதில்லை.

எண்பத்தொன்பதில் ஊரப்பாக்கத்தில் அரை கிரவுண்டு வாங்கி, ஓலைக் கொட்டகை போட்டுக்கொண்டு குடிவந்தார்கள். வீடு கட்டத் தண்ணீர் வேண்டுமே என்று முதலில் உறைகிணறு இறக்கினார்கள். வெட்ட வந்தவன் பொன்னுரங்கம். இருபது வருஷத் தொழில்காரன். மேலே நின்று வாளி இழுக்க அவன் மச்சான் அரிகிருஷ்ணன்.

உறைகிணறு வெட்டுவது பொறுமையான வேலை. சிமெண்ட் உறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிவிட்டு, ஆள் உள்ளே இறங்கி, அடி உறைக்குக் கீழே சுற்றிலும் சமமாக மண்ணை எடுக்கவேண்டும். மண் போகப்போக அத்தனை உறையும் நேராகக் கீழே இறங்கும். மேலே இன்னொன்று வைப்பார்கள்.

ஐந்தாம் நாள், பதினைந்து அடியில், வாளி மண்ணில் பச்சையாக ஏதோ தெரிந்தது. சம்பந்தம் கையில் எடுத்துக் கழுவினார். இரண்டு சிப்பாய்கள் நிற்கிற அதே காசு! காலடி வழக்கம்போல மொழுக்.

மேலே ஏறிவந்த பொன்னுரங்கம் எட்டிப் பார்த்தான். "இதுல இன்னா சார் கீது?"

எட்டு வருஷத்தில் முதல்முறையாக ஒரு மனிதன் கேட்டுவிட்டான். சம்பந்தம் அவனை மணல் குவியலில் உட்காரவைத்து, லென்ஸைக் கையில் கொடுத்து, ராஜா, சிப்பாய், கப்பல், படிக்க முடியாத அந்த ஊர் என்று முக்கால் மணி நேரம் சொன்னார். பொன்னுரங்கம் கொட்டாவி விடாமல் கேட்டான். "அப்போ அந்த ஊரு பேரு தெரிஞ்சாப் போதுமா சார் உனக்கு?" என்றான். சம்பந்தத்துக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போல இருந்தது.

மறுநாள் காலை மேலும் மூன்று காசு வந்தன. "மேக்கால ஓரமா, உறைக்கு அடியில பானை ஓடு ஒண்ணு தெர்து சார். அதுலருந்துதான் உதிருது" என்றான் பொன்னுரங்கம்.

புதையல் கிடைத்தால் தாலுகா ஆபீசுக்குச் சொல்லவேண்டும் என்பது சம்பந்தத்துக்கு நன்றாகவே தெரியும். சொன்னால் காசு கையை விட்டுப் போய்விடும். இன்னொரு முழம் இறங்கினால் உறை அந்தப் பானையை மறைத்துவிடும், அப்புறம் எந்தக் காலத்திலும் எடுக்க முடியாது. அரிகிருஷ்ணன் டீ குடிக்கப் போயிருந்தான். சரோஜினி கொட்டகை வாசலில் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"மேற்குப் பக்கம் மட்டும் கொஞ்சம் உள்ளே தோண்டிப் பாரேன், பொன்னுரங்கம்."

"ஒரு பக்கமா மண்ணை எடுத்தா உறை சாஞ்சிடும் சார். கீழ மணலு வேற."

"ஒரு கை நுழையற அளவுக்குத்தாம்ப்பா. அந்த ஒரு காசு அதுலதான் இருக்கும்னு எனக்குத் தோணுது."

அவன் கிணற்றைப் பார்த்தான், இவர் முகத்தைப் பார்த்தான். "உனக்கோசரம் சார்" என்று சொல்லி, மேல்துண்டை இடுப்பில் இறுக்கிக்கொண்டு இறங்கினான்.

உறைகள் சாயும்போது பெரிய சத்தம்கூட வரவில்லை. அம்மியை நகர்த்துகிற மாதிரி ஒரு கரகரப்பு, அப்புறம் மணல் சரிகிற ஓசை. "சார்" என்று ஒருதரம் கூப்பிட்டான். ஆட்கள் வந்து உடலை மேலே தூக்க மத்தியானம் ஆகிவிட்டது.

விசாரிக்க வந்த போலீஸ்காரர் கேட்டபோது சம்பந்தம், "நான் கொட்டகைக்குள்ளே இருந்தேன், எனக்கு ஒன்றும் தெரியாது" என்று சொன்னார். சரோஜினி தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். ஆள் குடித்திருப்பான் என்று யாரோ சொல்ல, சுற்றி நின்றவர்களும் அதையே சொன்னார்கள். சம்பந்தம் மறுக்கவில்லை. பொன்னுரங்கம் குடிக்காதவன் என்பது அவருக்குத் தெரியும். கிணற்றை மண் போட்டு மூடினார்கள். அன்றிலிருந்து அவர் டப்பாவைத் திறக்கவில்லை. சரோஜினியும் அதைத் துடைப்பதை விட்டுவிட்டாள்.

நாற்பது நாள் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை, பொன்னுரங்கத்தின் பெண்டாட்டி முனியம்மா வந்தாள். உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை. முந்தானை முடிச்சை அவிழ்த்து நாலு காசை நீட்டினாள்.

"ஆஸ்பத்திரியில அது துணிய குடுத்தாங்க சார். இடுப்புத் துண்டுல முடிஞ்சி வச்சிருந்துது. உனுக்குத்தான் எடுத்திருக்கும். முந்தின நாளு வூட்ல வந்து இதே பேச்சுதான். சாரு எனுக்கு ராஜா கதையெல்லாம் சொன்னாருன்னு."

அவர் கை தானாக நீண்டு வாங்கிக்கொண்டது.

"எனுக்கு ஒண்ணு மட்டும் சொல்லு சார். குடிச்சிட்டு எறங்கினான்றாங்க. அது மேல நான் சாராய வாடையக் கண்டதே இல்ல. ஒரு பக்கமா நோண்டியிருக்குன்னு அரிகிருஷ்ணன் சொல்றான். இருபது வருசமா அப்படி நோண்டாத ஆளு, அன்னிக்கு மட்டும் ஏன் சார் நோண்டுச்சி? எம் புள்ளைங்கள குடிகாரன் புள்ளைங்கன்றாங்க."

சொல்லிவிடவேண்டும் என்றுதான் சம்பந்தம் வாயைத் திறந்தார். அதற்குள் கண் உள்ளங்கைக்குப் போய்விட்டது. நாலில் ஒன்று, இரண்டு சிப்பாய்கள் நிற்கிற காசு. கொடி அத்தனை தெளிவு. அவர் கை சட்டைப் பையிலிருந்து லென்ஸை எடுத்தது. செத்தவனின் மனைவியை எதிரே நிற்கவைத்துக்கொண்டு, காசை வெளிச்சத்துக்குத் திருப்பி, குனிந்து பார்க்க ஆரம்பித்தார். அந்த நிமிஷத்தில் தன்னையே காறித் துப்பவேண்டும் போல அவருக்கு இருந்தது. ஆனாலும் பார்த்தார்.

"இவர்தாம்மா தோண்டச் சொன்னார்."

வாசலில் சரோஜினி நின்றிருந்தாள். "வேணாம், உறை சாஞ்சிடும்னு உன் வீட்டுக்காரர் சொன்னார். இவர் விடலை. நான் காதால கேட்டேன். கேட்டுட்டு இத்தனை நாள் வாயை மூடிட்டு இருந்தேன். எந்தப் போலீஸ் ஸ்டேஷனுக்கு வேணும்னாலும் வந்து சொல்றேன்."

முனியம்மா கத்தவில்லை, மாரில் அடித்துக்கொள்ளவில்லை. சம்பந்தத்தின் கையிலிருந்த காசையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கிட்டே வந்து, அதை இரண்டு விரலால் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள்.

"இதுக்கா?" என்றாள். "இதுல இன்னா சார் கீது?"

சம்பந்தம் லென்ஸைக் கீழே இறக்கினார். "ரெண்டு சிப்பாய்ம்மா. நடுவுல ஒரு கொடி."

"அப்புறம்?"

"கீழே... எந்த ஊர்ல அடிச்சதுன்னு எழுதியிருக்கும்."

அவள் காசைத் திரும்ப அவர் உள்ளங்கையில் வைத்தாள். "எந்த ஊரு? படி சார்."

படிக்க அங்கே ஒன்றும் இல்லை. சிப்பாய்களின் காலடியில் காசு உடைந்து போயிருந்தது. மண்வெட்டி பட்ட வெட்டு, செம்பு புதுசாகப் பளபளத்தது. முனியம்மா நகராமல் நின்றாள்.

"தெரியலைம்மா" என்றார் சம்பந்தம்.